இரண்டெழுத்துக் கேள்வி

இயந்திரம் சிவப்பைக் காட்டியபோது உலகம்மை குனிய முடியாமல் நின்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் தையல்.

மணி ஒன்பது பன்னிரண்டு. சென்னை விமானம் பத்து ஐந்துக்கு.

தேரிக்காடு விமான நிலையம் சின்னது. செம்மண் மேடுகளுக்கு நடுவே ஒரே ஓடுபாதை, ஒரே சோதனை வரிசை. அந்த வரிசையின் கடைசியில் நின்றது பால்மானி. வாஷிங் மெஷின் உயரம், வெள்ளை நிறம். தாய்ப்பாலைப் பையில் கொண்டு போகிற எந்தப் பெண்ணும் அதன் தட்டில் ஒரு சொட்டு விட்டாக வேண்டும். நாற்பது விநாடி. பச்சை வந்தால் போகலாம்.

திரையில் இரண்டு வரிகள் வந்தன.

பால் இந்தப் பெண்ணுடையது.
இந்தப் பாலுக்குக் குழந்தை இல்லை.

கீழே எண்கள் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. 29:59. 29:58.

“மேடம், கொஞ்சம் வர்றீங்களா?” என்றான் நவநீதன். பால்மானியை இயக்குகிறவன். கோயம்புத்தூர்க்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெயரிலேயே வெண்ணெய் வைத்திருப்பதால்தான் இந்த வேலை கிடைத்தது என்று சக ஊழியர்கள் அவனைச் சீண்டுவார்கள்.

ஆய்வாளர் எமரன்சியா வந்தாள். நாற்பத்தாறு வயது. இஸ்திரி கலையாத சீருடை. திரையைப் பார்த்தாள், உலகம்மையைப் பார்த்தாள், தட்டில் இருந்த பம்பையும் குளிர்பெட்டியையும் பார்த்தாள். பெட்டியில் பதினான்கு சிறிய பைகள். எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றினாலும் ஒரு டம்ளர் நிறையாது.

“எத்தனை மாசம்?”

“ஏழு, மேடம்.”

“பிள்ளைக்கு ஏழு மாசமா?”

“இல்ல மேடம். ஏழாம் மாசத்துல பிறந்துட்டு. இன்னைக்குப் பதினோராவது நாள்.”

“எங்க இருக்கு?”

“மெட்ராஸ்ல. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காக. எனக்கு ஃபிட்ஸ் வந்து வயித்தைக் கீறி எடுத்தாக. பிள்ளையை மட்டும் ஹெலிகாப்டர்ல கொண்டு போயிட்டாக. அவுக கூடப் போனாக. என்னை நேத்து வரைக்கும் கட்டிலை விட்டு எந்திரிக்க விடலை.”

‘அவுக’ என்பது கணவன் வெயிலுமுத்து என்பதை ஆஸ்பத்திரிக் கடிதம் சொன்னது. கடிதத்தை எமரன்சியா முழுதாகப் படிக்கவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“காகிதத்துல எத்தனை பிள்ளை வேணும்னாலும் பெத்துக்கிடலாம்மா. நாங்க அதைப் பாக்கிறதில்லை.”

“வேணும்னா அவுகளுக்குப் போன் போடுங்க மேடம். டாக்டரம்மா பக்கத்துலதான் இருப்பாக.”

“யார் குரலை வேணும்னாலும் யாரும் செய்யலாம் இப்ப.”

உலகம்மைக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. திரையைப் பார்த்தாள். குழந்தை இல்லை என்ற வார்த்தைகளை வாய்க்குள் படித்தாள். அவள் முகம் வெளிறியதை நவநீதன்தான் கவனித்தான்.

“அப்படியில்லைங்க,” என்றான் அவசரமாக. “உங்க குழந்தைக்கு ஒன்னும் ஆகலை. இந்த மெஷினுக்கு அது தெரியாது. நேரடியாப் பால் குடிக்கிற குழந்தையோட எச்சில் கொஞ்சம் உள்ளே போகுங்க. அதுக்குத் தக்க பால் மாறும். குழந்தைக்குச் சளி பிடிச்சா பாலுக்குத் தெரிஞ்சிரும். அந்த அடையாளத்தைத்தான் இது தேடும். உங்க பாலுல அது இல்லைங்க.”

“எப்படி இருக்கும்? அவ இன்னும் எங்கிட்ட வாயே வைக்கலையே.”

“சரிதாங்க. குறைமாசக் குழந்தைக்கு விலக்கு இருக்கு. குழந்தை பிறப்பேட்டுல இருந்தாப் போதும். மெஷினே அங்க போய்ப் பாத்துட்டுப் பச்சை போட்டிரும்.” அவன் தொண்டையைச் செருமினான். “பாத்துச்சு. பிறப்பேட்டுல உங்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லைங்க. இன்னும் கர்ப்பமா இருக்கீங்கன்னு இருக்கு.”

“கர்ப்பமாவா?”

“எட்டாம் மாசம்.”

உலகம்மையின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. தையல்தான் இருந்தது.

எமரன்சியா எண்களைப் பார்த்தாள். 26:10.

பிள்ளை பெறாத பெண்ணுக்குப் பால். அதற்கு இந்த வேலையில் ஒரே பெயர்தான்: ஊசிப் பால். ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் தாய்ப்பால் விமானத்தில் பறந்தது. வயதானவர்கள் இளமைக்காகக் குடித்தார்கள், உடம்பை வளர்க்கிறவர்கள் தசைக்காகக் குடித்தார்கள். கடற்கரைக் கிராமங்களில் பெண்களுக்கு ஊசி போட்டுச் சுரக்க வைத்தார்கள். பெற்ற பிள்ளைகள் வீட்டில் கஞ்சித் தண்ணீர் குடித்தன. அதற்குப் பிறகு வந்த சட்டம் வியாபாரத்தை மட்டும் மூடவில்லை, பால் வங்கிகளையும் மூடியது. தன் பிள்ளைக்குத் தன் பால். வேறு எந்தப் பாலும் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழையக் கூடாது.

அந்தச் சட்டத்துக்காக விசாரணைக் குழு முன்னால் சாட்சி சொன்னவர்களில் எமரன்சியாவும் ஒருத்தி. அவள் அக்கா பிலோமி ஊசி போட்டுக்கொண்டவள். அக்காவின் மகனைச் சின்னச் சவப்பெட்டியில் எமரன்சியாதான் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பெட்டி கனக்கவே இல்லை என்பதுதான் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மூன்று வருடங்களில் இந்தப் பால்மானி நாற்பத்தொரு முறை சிவப்பு காட்டியிருக்கிறது. நாற்பத்தொன்றையும் அவள்தான் கொட்ட வைத்தாள். ஒருத்திகூடத் திரும்பி வந்து மேல்முறையீடு செய்யவில்லை. குற்றமுள்ளவர்கள் எப்படி வருவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“உலகம்மை,” என்றாள். “விதி இதுதான். அரை மணி நேரம் முடிஞ்சா உன் பேர் தடைப் பட்டியலுக்குப் போயிரும். பாலை அழிச்சிரணும். நீ விமானத்துல போகலாம். யாரும் தடுக்க மாட்டாக.”

“பட்டியல்னா?”

எமரன்சியா நவநீதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சொல்ல வேண்டியது அவள்தான்.

“ஆறு மாசத்துக்கு எந்த ஆஸ்பத்திரியும் உன் பாலைத் தொடாது.”

உலகம்மை கத்தவில்லை. கூப்பிய கையோடு காலில் விழவும் இல்லை. விழ முடியாது, தையல் பிரிந்துவிடும். மெதுவாக, கணக்குப் போடுகிற மாதிரி பேசினாள்.

“இன்னைக்கு மத்தியானம் குழாய் வழியா முதல் சொட்டு விடணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. பத்து நாளா நரம்பு வழியாத்தான் எல்லாம். பவுடர் பால் விட்டா குடல் அழுகிப் போகும்னு சொல்லுதாக. பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு அப்படி ஆயிட்டாம். எம்மக ஆயிரத்து நூறு கிராம் இருந்தா. இப்ப ஆயிரத்து இருபது. எம்பால் இல்லைன்னா வேற எதை மேடம் விடுவாக?”

அதைச் சட்டம் சொல்லவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொட்டியில் நந்தியாவட்டை நின்றது. உலகம்மையின் கண் அதன் மேல் போவதை எமரன்சியா பார்த்தாள். கால் படுகிற இடத்தில் தாய்ப்பாலைக் கொட்டினால் சுரப்பு வற்றிவிடும் என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் நினைப்பார்கள். கைகழுவும் தொட்டியில் ஊற்றச் சொன்னால் மாட்டேன் என்பார்கள். செடிக்கு விடுகிறோம் என்று கெஞ்சுவார்கள். அந்த ஒரு சலுகையை எமரன்சியா எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். ஆளுயரத்துக்கு வளர்ந்து, வருடம் முழுக்கப் பூத்துக்கிடந்தது அந்தச் செடி.

“மேடம்,” என்றாள் உலகம்மை. அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. “மார் கட்டிக்கிட்டு வருது. பம்பை மட்டும் தாங்க. எடுத்துட்டு அதையும் வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க.”

பம்பு தடயப் பொருள். கொடுக்கக் கூடாது. எமரன்சியா எடுத்துக் கொடுத்தாள்.

பெண்களைச் சோதிக்கிற திரைத் தடுப்புக்குள் ஒரு நாற்காலி இருந்தது. உலகம்மையை உட்கார வைத்து, எமரன்சியா வாசலை மறைத்து நின்றாள். தனியாக விடவும் விதி இல்லை.

பம்பு ஓடியது. உர்ர், உர்ர் என்று ஒரு கிழட்டுப் பூனையின் சத்தம். இரண்டு நிமிடம் ஆகியும் ஒரு துளி இறங்கவில்லை. உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பயந்தா வராது,” என்றாள். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு செல்போனை எடுத்து எதையோ தட்டினாள்.

பிப். பிப். பிப். பிப்.

“என்னது அது?” எமரன்சியாவின் கை இடுப்புக்குப் போயிருந்தது.

“அவ பெட்டியில உள்ள மெஷின் சத்தம் மேடம். இதயத் துடிப்பாம். நர்சம்மா ஒருத்தவுக பதிஞ்சு அனுப்புனாக. அழுற சத்தத்தைத்தான் அனுப்பச் சொன்னேன். அவளுக்கு அழ இன்னும் தெம்பு இல்லையாம். இதைத்தான் அனுப்புனாக.”

பிப். பிப். பிப்.

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டாள். பத்துத் துடிப்பு. பதினைந்து. பிறகு குப்பியின் அடியில் டப் என்று ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் நூல் போல விடாமல் இறங்கியது.

எமரன்சியா அசையாமல் பார்த்தாள்.

அக்கா பிலோமியின் பால் அப்படி வராது. ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கடிகாரம் பார்த்துத்தான் வரும். பக்கத்திலேயே தூளியில் மகன் வீறிட்டு அழுவான். அக்காவின் மாரில் ஈரம்கூடப் படியாது. ‘ஏட்டி எமரன்சி, இவன் அழுறது எனக்குக் கேக்குது, இதுக்குக் கேக்க மாட்டேங்குது’ என்று அவள் ஒருநாள் தன் மாரில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

ஊசிப் பால் சத்தம் கேட்டு இறங்காது. இதை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. பால்மானிக்கும் தெரியாது.

“நவநீதன்.” திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். “அந்தப் பிறப்பேட்டு வரியைத் திற.”

“இல்லைன்னு வந்திருச்சுங்களே மேடம்.”

“இல்லைன்னு ஏன் வந்துச்சுன்னு பாரு. முழு வரியையும் திற.”

இதுவரை அவர்கள் யாருக்கும் அதைத் திறந்து பார்த்ததில்லை. தேவைப்பட்டதில்லை. நவநீதன் எமரன்சியாவின் கைரேகையை வாங்கி உள்ளே போனான். எண்கள் 14:30 காட்டின.

“மூணாம் மாசத்துல கர்ப்பப் பதிவு செஞ்சிருக்காங்க. தாய் பேர் இருக்கு, அப்பா பேர் இருக்கு, ஊர் இருக்கு. அப்புறம்...” அவன் நெற்றியைச் சுருக்கினான். “பத்து நாளைக்கு முன்னாடி யாரோ பேசியிருக்காங்க மேடம். குரல் பதிவு இருக்கு. ஆனா நிலுவைன்னு போட்டிருக்கு.”

“எது நிலுவை?”

“பால்.”

“என்ன பால்?”

“பால்னா, ஆணா பொண்ணாங்கிறது. கர்ப்பத்துல அதைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களே. அதனால அந்த ஒரு கட்டம் மட்டும் பூட்டியே இருக்கும். பிறந்தப்புறம்தான் திறக்கும். அதை நிரப்புற நேரம்தான் பிறந்த நேரம்னு கணக்கு. தேதியைத் தனியாக் கேக்கிறதில்லை. இங்க பாருங்க.” திரையைப் படித்தான். “பால்: இன்னும் வரவில்லை.”

“பால் இன்னும் வரவில்லை,” என்று எமரன்சியாவும் படித்தாள். “அப்படின்னா?”

திரைத் தடுப்புக்குள் பம்பு நின்றது.

“முதல் நாலு நாள் வரலைதான் மேடம்,” என்றது உலகம்மையின் குரல். “குறைமாசம்ல. லேட்டாத்தான் இறங்கும்னு சொன்னாக. எல்லாரும் அவுககிட்ட அதையேதான் கேட்டுட்டு இருந்தாக. பால் வந்துட்டா, பால் வந்துட்டான்னு. அவுக அன்னைக்கெல்லாம் ஐ.சி.யு. வாசல்ல அதையேதான் சொல்லிட்டு நின்னாகளாம்.”

நவநீதனும் எமரன்சியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குரலைப் போடு,” என்றாள்.

முதலில் இரைச்சல். ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தம். தூரத்தில் யாரோ யாரையோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். ஆள் இல்லாமல் போனிலேயே கேட்டுப் பதிகிற பிறப்பேட்டின் பெண்குரல் வழக்கமான இனிமையோடு பேசியது.

“தந்தை பெயர்?”

“வெயிலுமுத்து.”

“பால்?”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“இன்னும் வரலைங்க. நாலு நாளாவும்னு டாக்டரம்மா சொல்லுதாக.”

“பால், இன்னும் வரவில்லை. சரியா?”

“சரிதாங்க.”

“பதிவு செய்யப்பட்டது. நன்றி.”

“எப்படியாவது வந்துரும் இல்லங்களா?” என்று வெயிலுமுத்து இயந்திரத்திடம் கேட்டான். இணைப்பு அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது. அவன் கேள்வி மட்டும் கடைசி விநாடியில் பதிவாகியிருந்தது.

நவநீதன் பதிவை நிறுத்தினான்.

“பாலினம்னு கேட்டிருந்தா முடிஞ்சுதுங்களே மேடம். ரெண்டெழுத்தை மிச்சம் பிடிச்சிருக்காங்க.” அவன் திரையைத் தட்டிக் காட்டினான். “சாதாரணமா நர்ஸே இதைச் சொல்லிருவாங்க. என் பசங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு. இவங்களுக்கு நர்ஸும் குழந்தையோடயே ஓடிட்டாங்க. குறைமாசம்னாத்தான் பால் லேட்டாகும். குறைமாசம்னாத்தான் குழந்தை வாய் வைக்காது. ரெண்டு மெஷினும் ஒரே குழந்தையைத்தான் இல்லைங்குதுங்க.”

“சரிபண்ண முடியுமா?”

“திருத்தணும்னா தாய் குரல் வேணும்.”

ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு உலகம்மை வெளியே வந்தாள். ஒரு கையில் சூடு ஆறாத குப்பி. நவநீதன் ஒலிவாங்கியை அவள் வாய்க்கருகே பிடித்தான். திரையில் 06:02.

“கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. யோசிக்காதீங்க.”

“பால்?” என்றது பெண்குரல்.

உலகம்மை குப்பியைப் பார்த்தாள். எமரன்சியாவைப் பார்த்தாள். எமரன்சியா தலையை அசைத்தாள்: இல்லை, அது இல்லை.

“பொம்பளைப் பிள்ளை,” என்றாள் உலகம்மை.

“பால், பெண். பதிவு செய்யப்பட்டது. வாழ்த்துகள். உங்கள் குழந்தை இன்று காலை ஒன்பது முப்பத்தாறுக்குப் பிறந்துள்ளது.”

பால்மானி தனக்குள் ஏதோ முனகியது. சிவப்பு அணைந்தது. எண்கள் நின்றன. பச்சை.

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “இப்பத்தான் பிறந்திருக்காளா? அப்ப பதினோரு நாளா எதுக்காக இந்தப் பாடு பட்டா?”

“அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாங்க. ஓடுங்க. சாரி, நடங்க,” என்றான் நவநீதன்.

எமரன்சியாவே குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் கதவு மூடுகிறவனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். விமானப் படிவரை கூடவே போனாள். படியில் ஏறும்போது உலகம்மை திரும்பினாள்.

“வாரேன், மேடம்.”

இந்த ஊரில் புறப்படுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பாலைக் கொட்டிவிட்டுப் போனவர்களில் சிலரும் அப்படித்தான் சொன்னார்கள் என்பது நினைவுக்கு வர, எமரன்சியாவால் பதிலுக்கு ‘போயிட்டு வாம்மா’ என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மத்தியானம் ஒன்றரைக்கு நவநீதனின் போனில் ஒரு செய்தி வந்தது. உலகம்மையிடம் அவன் கொடுத்திருந்த எண்ணுக்கு வெயிலுமுத்து அனுப்பியது. ‘குழாய்ல விட்டாச்சு சார். ஒரு மில்லி. வாந்தி எடுக்கலை.’

“ஒரு மில்லிங்க மேடம்,” என்று நவநீதன் காட்டினான். “அரைத் தேக்கரண்டிகூட வராது.”

எமரன்சியா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“நவநீதன், அந்த நாற்பத்தொரு பேரோட வரியையும் திற.”

அவன் சிரிப்பு மறைந்தது. “மேடம், அதெல்லாம் முடிஞ்சு போன...”

“திற.”

சிரமமே இல்லை. ஐந்து நிமிட வேலை. பிறப்பேட்டில் யாரும் பேசியே இராதவர்கள் முப்பத்திரண்டு பேர். அவர்கள் உண்மையிலேயே ஊசிக்காரிகளாக இருக்கலாம். மீதி ஒன்பது வரிகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

பால்: இன்னும் வரலை.
பால்: கொஞ்சம் வருது.
பால்: சீம்பால் மட்டும்.
பால்: வரலை சார், பவுடர் வாங்கிட்டு வரவா?
பால்: கட்டிக்கிச்சாம்.
பால்: நாளைக்கு வந்துரும்.
பால்: தெரியலையே, யார்ட்ட கேக்கணும்?
பால்: இல்ல.
பால்: வந்துட்டு, எங்க கொண்டு வரணும்?

“எல்லாத்தையும் நிலுவைன்னு எடுத்துக்கிச்சு,” என்றான் நவநீதன்.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இன்னொரு கட்டம். முதலாவதில்: கர்ப்பம், முப்பத்தெட்டாம் மாதம். எந்த அதிகாரியும் அதைப் படித்துச் சிரித்திருக்கவில்லை. படிக்க ஆள் இல்லை என்பதுதான் அந்த ஏட்டின் பெருமை.

எமரன்சியா போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“அம்மா துணி காயப் போடுதா. நீ யாரு?”

இரண்டரை வயதுக் குரல்.

“உன் பேர் என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

தாய் வந்து போனைப் பிடுங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கோபப்படவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லாதவள் போலப் பேசினாள். பட்டியலில் பேர் ஏறியதும் ஆஸ்பத்திரியில் பவுடர் கொடுத்தார்கள். நாற்பது நாள் வயிறு வீங்கிக் கிடந்து பிழைத்தான். இப்போது பாலர் பள்ளியில் சேர்க்கப் போனால் பிள்ளை பிறக்கவே இல்லை என்கிறார்கள். “இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நிக்கேன் மேடம். இது யாருன்னு கேட்டா, தெரியாதுங்கான் அந்த ஆளு.”

இரண்டாவது எண் பிழைத்த பிள்ளை. மூன்றாவதும். நான்காவது எண்ணை எடுத்தவர் அந்தக் குடும்பம் துபாய் போய்விட்டது என்றார். ஐந்து, ஆறு, ஏழு. ஒருத்தி திட்டினாள். ஒருத்தி நன்றி சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. கிடைத்த ஒவ்வொரு தாயும் போனிலேயே பிறப்பேட்டுக்குப் பதில் சொன்னாள், அவள் பிள்ளை அன்றைக்குப் பிறந்தது.

எட்டாவது எண்ணைத் தாண்டி ஒன்பதாவதைக் கூப்பிட்டாள். நவநீதன் கவனித்தான், கேட்கவில்லை.

பால்: இல்ல. அந்த வரிக்காரியின் பெயர் பேச்சித்தாய். உடன்குடிப் பக்கம். எமரன்சியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதினாலு மாதங்களுக்கு முன்பு. ஒல்லியான பெண். வாதாடவே இல்லை. ‘நானே ஊத்திக்கிடுதேன் மேடம்’ என்று கேட்டாள். ஒவ்வொரு பையாகக் கிழித்து, நந்தியாவட்டையின் வேரைச் சுற்றி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினாள். கடைசிப் பையை உதறிவிட்டு அந்தக் கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே நடந்து போனாள்.

மாலை நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டாள்.

“யாரு?”

எமரன்சியா பெயரையும் பதவியையும் சொன்னாள்.

“பேச்சித்தாய், பிறப்பேட்டுல ஒரு தப்பு நடந்துட்டு. எங்க பக்கத் தப்பு. அதைச் சரி பண்ணணும்.” அந்த இரண்டெழுத்துக் கேள்வியை அவளால் கேட்க முடியவில்லை. “ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லும்மா. ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?”

எங்கோ ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

“ஆம்பளைப் பிள்ளை. இருபத்தாறு நாள் இருந்தான்.” பிறகு, “இப்ப எதுக்கு மேடம் கேக்கீக?”

எமரன்சியா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெயில் சாய்ந்து செடியின் நிழல் உள்ளே பால்மானி வரை நீண்டிருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது பேச்சித்தாயே பேசினாள்.

“எழுதிக்கிடுங்க. செத்ததுக்கும் காயிதம் தரலை மேடம். பிறக்காத பிள்ளை எப்படிச் சாகும்னு கேட்டாக. இருந்தான்னு ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்.”

“நீயே சொல்லணும்மா. உன் குரல்தான் வேணும்.”

“சொல்லுதேன்.”

எமரன்சியா நவநீதனுக்குச் சைகை காட்டினாள். அவன் இணைப்பைக் கொடுத்தான்.

“பால்?” என்றது பெண்குரல்.

“ஆண் பிள்ளை,” என்றாள் பேச்சித்தாய், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதைப் போலத் தெளிவாக.

அடுத்து என்ன வரும் என்பது எமரன்சியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இணைப்பைத் துண்டிக்கப் பாய்ந்தாள். நவநீதனும் கையை நீட்டினான்.

“பால், ஆண். பதிவு செய்யப்பட்டது. வாழ்த்துகள். உங்கள் குழந்தை இன்று மாலை நான்கு பதினொன்றுக்குப் பிறந்துள்ளது.”